கொழும்பிலிருந்து நீலகிரிக்கு: உறவினரைத் தேடிச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் வாழும் மலையகக் குடும்பங்களில், "எங்கள் ஆட்கள் ஊட்டிப் பக்கம் இருக்கிறார்கள்" என்று சொல்லாத வீடு குறைவு. அந்த 'ஊட்டிப் பக்கம்' எந்த ஊர், எந்தத் தாலுகா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கை இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிட்டது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் கணிசமானோர், மண்டபம் முகாமைக் கடந்து நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளைப் பார்க்க இன்று இங்கிருந்து புறப்படுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என் முதற் பயணத்தில் நான் செய்த தவறு எளிமையானது. ஊட்டி என்ற ஒரே சொல்லை நம்பி ஊட்டியிலேயே மூன்று நாள் தங்கித் தேடினேன். அப்பாயியின் தங்கை குடும்பம் இருந்ததோ அங்கிருந்து பல மணி நேரப் பஸ் பயணத் தூரத்தில், கேரள எல்லையோரத்துச் சேரம்பாடியில். நீலகிரி என்பது ஒரு மாவட்டத்தின் பெயர். ஆனால் மழையும் மொழியும் நிலவுரிமையும் வேலையும் அதன் ஒவ்வொரு சரிவிலும் வேறு வேறு. ஆகவே 'எந்தச் சரிவு?' என்ற கேள்விக்கு விடை தெரியாமல் பயணச்சீட்டு வாங்காதீர்கள்.

முதற்படி: வீட்டிலுள்ள கடதாசிகளைத் தேடுங்கள்

பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை சில உள்ளன. அவர்கள் எந்த ஆண்டு கப்பலேறினார்கள், இங்கே எந்தத் தோட்டத்தில் எந்த டிவிசனில் பெயர் பதிந்திருந்தார்கள், குடும்பத்தலைவராகப் பதியப்பட்டவர் யார், முகாமிலிருந்து முதலில் எங்கே அனுப்பப்பட்டார்கள் என்பவை அவை. தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் நம்மவர் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்றும் இருக்கும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே போனவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர் மட்டுமே நினைவிருக்கும், ஆவணங்களில் ஆங்கிலப் பெயர் மட்டுமே இருக்கும். தாயகம் திரும்பியோருக்கு வழங்கப்பட்ட 'ஃபேமிலி கார்ட்' என்ற குடும்ப அட்டையை அங்குள்ள பல வீடுகளில் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்த அட்டையிலுள்ள விவரத்தோடு உங்கள் குறிப்பு பொருந்தினால் உறவை உறுதிசெய்ய வேறு சாட்சி வேண்டியதில்லை.

பழைய கடிதங்களில் அனுப்புநர் முகவரியை விடத் தபால் முத்திரையை நம்புங்கள். முகவரியில் வெறுமனே 'நீலகிரி' என்றிருக்கும். முத்திரையில் தபாலகத்தின் பெயர் இருக்கும். குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று ஒரு பெயர் தெளிவாகத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டாம் படி: வரைபடத்தை விரித்து நான்கு முகங்களைப் பாருங்கள்

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்கள் சந்திக்கும் மூலையில், மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் ஒன்றுகூடும் இடத்தில் இந்த மாவட்டம் அமைந்திருக்கிறது. பரப்பளவு சுமார் 2,500 சதுர கிலோமீற்றர். 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மக்கள் தொகை 735,394. இங்குள்ள தொட்டபெட்டா சிகரம் 2,637 மீற்றர் உயரமானது. நம்முடைய பீதுருதாலகால மலை 2,524 மீற்றர். ஊட்டி நகரம் ஏறத்தாழ 2,240 மீற்றரில் இருப்பதால், 1,868 மீற்றரிலுள்ள நுவரெலியாவை விடக் குளிர் கூடுதல் என்பதை மனதில் வைத்துக்கொண்டு உடைகளை எடுத்துச் செல்லுங்கள்.

நடுவிலுள்ள மேட்டுநிலத்தை முதலில் பாருங்கள். ஊட்டியும் குந்தாவும் இதில் அடங்கும். ஒரு காலத்தில் புல்வெளியும் பள்ளத்தாக்குகளில் சோலைக்காடும் மாறி மாறி விரிந்த நிலம் இது. ஹோட்டன் சமவெளியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி உடனே விளங்கும். பிரித்தானியர் காலத்திலும் அதன் பின்னரும் யூகலிப்டஸ், வாட்டில் மரங்களை நட்டதால் புல்வெளியின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் மலர்ந்தது. பைக்காரா, குந்தா ஆகிய நீர்மின் திட்டங்கள் இந்த மேட்டுநிலத்து நீரையே நம்பியிருக்கின்றன. இவற்றில் குந்தா திட்டம் கனடாவின் உதவியுடன் கொழும்புத் திட்டத்தின் கீழ் கட்டப்பட்டது. 1950இல் நம் நகரத்தில் கூடிய மாநாட்டின் பெயரைத் தாங்கிய ஒரு திட்டம் அந்த மலையில் விளக்கேற்றியது என்பதை அங்குள்ளவர்களிடம் சொன்னால் வியந்து கேட்பார்கள்.

கிழக்கு, தென்கிழக்குச் சரிவில் குன்னூரும் கோத்தகிரியும் உள்ளன. மேற்கில் மலை சட்டென்று இறங்கி, சுமார் 1,000 மீற்றர் உயரத்தில் கூடலூர், பந்தலூர்ப் படுகையாக விரிந்து வயநாட்டோடு கலக்கிறது. வடக்கே சீகூர், மசினகுடிப் பக்கம் மழை மறைவில் கிடக்கும் முட்புதர்க் காடு. அதற்கப்பால் மாயாற்றின் ஆழமான பள்ளத்தாக்கும் முதுமலையும் கர்நாடகத்தின் பந்திப்பூரும் வருகின்றன. 1986இல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் இந்தியாவிலேயே முதலாவது. மூன்று மாநிலங்களிலும் பரந்த அதன் பரப்பு 5,520 சதுர கிலோமீற்றர். யானைகளுக்கு மாநில எல்லை இல்லை; கூடலூர்ப் பக்கம் மாலை ஆறு மணிக்குப் பின் தனியாக நடக்க வேண்டாம் என்று உறவினர் தடுத்தால், அது வெறும் பயமுறுத்தல் அல்ல.

மலையக வாசகர்களுக்கு இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். அட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவக்காற்றில் நனையும்போது பதுளை உலர்ந்திருக்கும். வடகீழ்ப் பருவத்தில் பதுளை நனையும். நீலகிரியிலும் அதே கணக்குத்தான். கூடலூர், பந்தலூர், தேவாலா ஆகியவை ஜூன் முதல் செப்டெம்பர் வரை கொட்டும் மழையில் நனைகின்றன. குன்னூரும் கோத்தகிரியும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை நனைகின்றன. கூடலூர் உங்கள் அட்டன், கோத்தகிரி உங்கள் பதுளை என்று வைத்துக்கொண்டால் பயணத் திகதியைக் குறிப்பதில் தவறு நேராது.

மூன்றாம் படி: யார் யார் வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள்

இந்த மலை நம்மவர்கள் வந்திறங்கிய காலத்தில் ஆளில்லாத மலையாக இருக்கவில்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடியினரும் அதன் முதற் குடிகள். தோடர் ஏறத்தாழ 2,000 பேர் மட்டுமே. எருமை வளர்ப்பைச் சுற்றியே அவர்களுடைய வழிபாடும் வாழ்வும் அமைந்தவை. அவர்களுடைய குடியிருப்புக்கு 'மந்து' என்று பெயர். உதகமண்டலம் என்ற ஊர்ப்பெயரிலும் அந்தச் சொல்லே மறைந்திருப்பதாகச் சொல்வார்கள். கோத்தர் மட்பாண்டமும் இரும்பு வேலையும் இசையும் அறிந்த கைவினைஞர்கள். பணியர் வயநாட்டுப் பக்கத்து நிலவுடைமையாளரிடம் நெடுங்காலம் அடிமைகளாக உழைத்தவர்கள். கூடலூரில் அவர்களுடைய குடியிருப்புகளைப் பார்க்கும்போது இந்த வரலாற்றை மறந்துவிடக்கூடாது.

எண்ணிக்கையிலும் செல்வாக்கிலும் பெரிய சமூகம் படுகர். அவர்களுடைய மொழி கன்னடத்துக்கு நெருக்கமானது. ஊர்களை 'ஹட்டி' என்பார்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு வெள்ளையுடை அணிந்து ஊர் ஊராகக் கூடுவதைக் கோத்தகிரிப் பக்கம் காணலாம். உருளைக்கிழங்கு பயிரிட்ட அவர்களுடைய வயல்களில் பெரும்பாலானவை இன்று சிறு தேயிலைத் தோட்டங்களாகிவிட்டன; அவற்றில் கொழுந்து பறிப்பவர்களில் பலர் இலங்கையிலிருந்து போனவர்களின் வழித்தோன்றல்கள். நிலம் ஒருவருடையதாகவும் உழைப்பு இன்னொருவருடையதாகவும் இருக்கும் இடங்களில் எழும் உரசல்கள் இங்கும் எழுந்ததுண்டு. ஒரு வாரம் தங்கப் போகும் விருந்தினர் அதில் தீர்ப்புச் சொல்ல முற்படாமல் இரு தரப்பையும் கேட்பதே முறை.

கூடலூர், பந்தலூரில் மலையாளம் தமிழுக்கு இணையாகக் கேட்கும். அந்தப் பகுதி முன்பு மலபார் மாவட்டத்தின் தென்கிழக்கு வயநாடாக இருந்து, 1877இல்தான் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. எல்லைக்கோடு பின்னர் வந்தது, மக்களின் போக்குவரத்து அதற்கு முந்தியது.

நம்மவர்களைப் பற்றி ஒரு சொல்லை மட்டும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை பெற்றுச் சென்றவர்கள். 1983க்குப் பிறகு போரினால் கடல் கடந்து முகாம்களில் வாழ்பவர்கள் அகதிகள். அவர்களுடைய சட்ட நிலை வேறு. 'அகதி' என்றும் 'சிலோன்காரன்' என்றும் அக்கம்பக்கத்தார் அழைத்ததைக் கேட்டு நொந்தவர்கள் அங்கே பலர் இருக்கிறார்கள். கொழும்பிலிருந்து போகும் நாமும் அறியாமல் 'அகதிக் குடியிருப்பு எங்கே?' என்று வழி கேட்டால், அந்தப் புண்ணை மறுபடி கீறுகிறோம். இங்கே நம்மவரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் செய்த காயத்தோடு போனவர்களுக்கு அங்கே கிடைத்தது இரண்டாவது காயம்.

நான்காம் படி: அவர்கள் எதனால் வாழ்கிறார்கள் என்று விளங்கிக்கொள்ளுங்கள்

நீலகிரியின் பொருளாதாரத்தைத் தேயிலை, மரக்கறி, சுற்றுலா, அரசு நிறுவனங்கள் என்று நான்காகப் பார்க்கலாம். அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை, குன்னூர் பாஸ்டர் நிறுவனம், வெலிங்டனிலுள்ள இராணுவப் பயிற்சிக் கல்லூரி ஆகியவை குன்னூர்ப் பக்கத்தில் நிலையான சம்பளம் தருகின்றன. ஊட்டி, கேத்திப் பள்ளத்தாக்குகளின் கரட், கோவா, பீற்றூட் ஆகியவை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. நுவரெலியா மரக்கறி கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் இறங்குவது போலத்தான். நாம் நின்று பார்க்க வேண்டியது தேயிலையை.

தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் வனத்துறையின் கீழ் தேயிலை நடத் தொடங்கியது. 1976இல் அது 'டான்டீ' என்று வழங்கும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக மாறியது. குன்னூர், கோத்தகிரி, நடுவட்டம், பாண்டியார், நெல்லியாளம், சேரங்கோடு, சேரம்பாடி என அதன் பிரிவுகள் பரந்திருக்கின்றன. காட்டை வெட்டி, கன்று நட்டு, அந்தத் தேயிலையை வளர்த்தவர்கள் கண்டிச்சீமையிலிருந்து போனவர்களே. பின்னர் கழகம் நட்டத்தில் வீழ்ந்தது. 2022இல் நிலத்தின் ஒரு பகுதியைத் திரும்ப வனத்துறைக்கே ஒப்படைக்க முடிவாயிற்று. ஓய்வு பெற்றவர்கள் தோட்ட வீட்டை விட்டு எங்கே போவது என்பது இன்றைய பெருங்கேள்வி. உங்கள் உறவினர் டான்டீ குடியிருப்பில் இருந்தால், முதல் மாலைப் பேச்சிலேயே இது வந்துவிடும். நம் தோட்டங்களில் 'ஏழு பேர்ச்' காணி என்றும் தனிவீடு என்றும் பேசி வருகிறோமே, அதே ஏக்கம்தான்.

தோட்டத்து வேலை கிடைக்காதவர்களில் பலர் கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் காணி பிடித்துக் குடியேறினர். அங்கே நிலம் நிலம்பூர்க் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலமாக, அதாவது பரம்பரை உரிமை நிலமாக இருந்தது. அதை ஒழிக்கும் கூடலூர் ஜன்ம நிலச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டாலும், அதன் 17ஆம் பிரிவின் கீழ் வரும் நிலங்களின் உரிமை வழக்குகளில் சிக்கி நின்றது. 'பிரிவு 17 நிலம்' என்று உறவினர் சொன்னால், பட்டா என்ற உரிமைப் பத்திரம் இல்லை, மின்னிணைப்புப் பெறுவதே போராட்டம் என்று பொருள் கொள்ளுங்கள். அத்தகைய வீட்டுக்குப் போய், 'ஏன் இன்னும் வீட்டைத் திருத்திக் கட்டவில்லை?' என்று கேட்பது தகாது.

சிறு தோட்டக்காரர்களின் வாழ்வு பசுந்தேயிலை விலையில் தொங்குகிறது. நாம் கொழுந்து என்பதை அங்கே பசுந்தேயிலை என்கிறார்கள். கூட்டுறவுத் தொழிற்சாலைக்கோ, கொழுந்தை வாங்கி அரைக்கும் தனியார் தொழிற்சாலைக்கோ அதை விற்பார்கள். விலை குன்னூர் ஏலத்தைப் பார்த்து ஏறி இறங்கும். 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தின் நிலவரம் நம் தோட்டங்களை ஆட்டிவைப்பது போலவே இதுவும். ஒரு வேறுபாடு உண்டு: நம் நாட்டுத் தேயிலை பெரும்பாலும் முறுக்கித் தயாரிக்கும் ஓர்தொடொக்ஸ் வகை, நீலகிரியில் வெட்டிச் சுருட்டும் சிடிசி வகையே மிகுதி. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தை அங்கே, குறிப்பாகக் கூடலூர்ப் பக்கம், 'பாடி' என்பார்கள். இந்தச் சொற்களை முன்கூட்டியே அறிந்து போனால் பேச்சு தடைப்படாது.

ஐந்தாம் படி: காலத்தையும் பாதையையும் குறியுங்கள்

எந்தச் சரிவு என்று தெரிந்த பிறகுதான் இந்தப் படிக்கு வர வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை இரு சரிவுகளுக்கும் பொருந்தும் காலம். மேட்டுநிலத்தில் காலையில் உறைபனி விழக்கூடும், பகலில் வெயில் இதமாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாக் கூட்டத்தால் வீதி அடைத்துவிடும். ஜூலையில் கூடலூர்ப் பக்கமும் நவம்பரில் குன்னூர்ப் பக்கமும் போக வேண்டாம். 2009 நவம்பரில் நீலகிரியில் நிகழ்ந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூலை 30ஆம் திகதி எல்லைக்கு அப்பால் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் நிகழ்ந்த மண்சரிவு இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. 2014இல் மண்சரிவில் புதைந்த மீரியபெத்தையை நினைவில் வைத்திருக்கும் நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

கிழக்குச் சரிவுக்குப் போவோர் கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ பறந்து, கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையத்தை அடையலாம். சென்னையிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் விடும். அங்கிருந்து காலையில் மலை ரயில் ஏறும். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் திறக்கப்பட்ட 46 கிலோமீற்றர்ப் பாதை அது. குன்னூருக்குக் கீழுள்ள செங்குத்தான பகுதியில் பற்சக்கரத்தைப் பற்றியே ஏறுகிறது, 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஆசனங்கள் விரைவில் முடிந்துவிடும், பயணமும் மெதுவானது. முதியவர்களோடும் பொதிகளோடும் போகிறவர்களுக்குப் பஸ்ஸே நல்லது. கோத்தகிரிக்குப் போக ஊட்டியைத் தொட வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து நேராகவே மலைப்பாதை இருக்கிறது.

மேற்குச் சரிவுக்குப் போவோர் கேரள வழியை எண்ணிப் பார்க்க வேண்டும். கொச்சிக்குப் பறந்து, ரயிலில் நிலம்பூர் வரை வந்து, நாடுகாணி மலைப்பாதையில் ஏறினால் கூடலூர் வரும். ஊட்டியைச் சுற்றி வந்தால் கடைசி 50 கிலோமீற்றரும் வளைவான மலை இறக்கம். மைசூரிலிருந்து வருவோர் பந்திப்பூர்க் காட்டுப் பாதையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனத் தடை இருப்பதைக் கணக்கிட்டுப் புறப்பட வேண்டும்.

ஆறாம் படி: அனுமதிகள்

இந்திய விசாவை இணையவழியில் பெறலாம். விண்ணப்பத்தில் தங்குமிட முகவரியைச் சரியாகக் கொடுங்கள். உறவினர் வீட்டில் தங்கினால், வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் விடுதிகள் செய்வது போலவே வீட்டுக்காரரும் 24 மணி நேரத்துக்குள், முன்பு 'படிவம் சி' எனப்பட்ட வெளிநாட்டு விருந்தினர் அறிவிப்பை இணையத்தில் பதிய வேண்டும். தமிழ் பேசுகிறோம், சொந்தக்காரர் வீடுதானே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிற்பாடு விசாரணை வந்தால் தொல்லை நமக்கல்ல, அந்த ஏழை வீட்டுக்குத்தான். பதிவு செய்யத் தெரியாதவர்களாயிருந்தால், போன அன்றே அருகிலுள்ள கணினி நிலையத்துக்கு அவர்களையும் கூட்டிச் சென்று நீங்களே நின்று முடித்துக் கொடுங்கள்.

2024 மே 7ஆம் திகதி முதல், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி, நீலகிரிக்குள் நுழையும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை. வாடகை வாகனத்தில் போனால் சாரதி பெற்றுவிட்டாரா என்று மேட்டுப்பாளையத்தைத் தாண்டுவதற்கு முன்பே கேளுங்கள். அரசுப் பஸ்ஸில் போவோருக்கு இது வேண்டியதில்லை. பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல்களைச் சோதனைச் சாவடியில் பறித்துக்கொள்வார்கள். உருக்குப் போத்தல் ஒன்றை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

ஏழாம் படி: ஊருக்குள் போன பின்

வீட்டைக் கண்டுபிடிக்க, பிரிவு அலுவலகத்தை விடக் கோயில் தர்மகர்த்தாவிடமும் தேநீர்க்கடையிலும் விசாரியுங்கள். 'இன்ன தோட்டத்திலிருந்து வந்த இன்னார் குடும்பம்' என்று இலங்கைத் தோட்டத்தின் தமிழ்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால் முதியவர் ஒருவர் எழுந்து வருவார். அங்கே ஒரே தோட்டத்திலிருந்து போனவர்கள் இயன்றவரை அருகருகே குடியேறியிருக்கிறார்கள்.

கையோடு கொண்டுபோக எது நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பரிந்துரை: மாசிக் கருவாடு, கித்துள் கருப்பட்டி, நல்ல பிஓபி ரகத் தேயிலை. நாள் முழுவதும் கொழுந்து பறிக்கிறவர்களுக்குத் தேயிலை எதற்கு என்று நினைக்க வேண்டாம். சேரம்பாடியில் நான் கொடுத்த தேயிலையைச் சின்னப் பாட்டி குடிக்கவில்லை; பொதியைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, சாமிப் படத்தின் முன்னால் வைத்தார்.

பழங்குடியினரின் மந்துகளுக்கும் குடியிருப்புகளுக்கும் அனுமதியில்லாமல் புகைப்படக் கருவியோடு நுழையாதீர்கள். உறவினரின் பழைய ஆவணங்களைப் படமெடுக்க விரும்பினால், அவர்கள் சம்மதித்த பிறகு, குடும்ப அட்டையின் இரு பக்கங்களையும், படத்திலிருக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் முறையையும் அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு, அன்றிரவே எழுதிவிடுங்கள். ஒரு பிரதியை அங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்றிடம் கொடுங்கள். மற்றொன்றைக் கொழும்புக்குக் கொண்டுவந்து, இங்கே கேட்டறிந்த முதற்படிக் குறிப்புகளோடு சேர்த்துத் தையுங்கள்.